கொழும்பில் எந்த மின் உந்துபொறியைக் கட்டலாம்?

போன சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடிக்கு நாலு பேர் வந்தார்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். மூன்று பெடியள், ஒரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் ஐந்து வகை மின் உந்துபொறிகளின், அதாவது மின்சக்தியால் பொருளைப் பின்னுக்கு உமிழ்ந்து செய்மதியை முன்னே தள்ளும் பொறிகளின், பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே, அதிலிருந்து பொருள் என்ன வேகத்தில் வெளியேறும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது பெயரைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார்கள்: ஹோல் உந்துபொறி.

"சேர், சின்னச் செய்மதி ஒண்டுக்கு நாங்களே உந்துபொறி செய்யப்போறம். ஹோல்தான் சரி எண்டு நினைக்கிறம். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

இரவு எட்டு மணிவரை கதைத்தோம். அவர்கள் எழும்பும்போது சிவப்பு வட்டம் கடைசிப் பெயருக்கு மாறியிருந்தது. ஏன் மாறியது என்பதை விளக்கமாக எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு இந்த நகரில் இன்னும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். இலங்கையின் முதல் செய்மதியான இராவணா-1, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் நம் இளம் பொறியியலாளர் இருவர் கட்டியது. பக்கம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், நிறை ஒரு கிலோவை அண்டியது. 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்கிருந்து வெளியே விடப்பட்டது. அதில் உந்துபொறி கிடையாது. 400 கிலோமீற்றர் உயரத்திலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. அது செய்மதியை ஓயாமல் பின்னுக்கு இழுக்கும், உயரம் நாளுக்கு நாள் குறையும். இந்த நாலு பேரின் ஆசை, அதே அளவான அடுத்த செய்மதி ஒன்று தன் உயரத்தைத் தானே காக்க வேண்டும் என்பது.

அந்த இழுவை எவ்வளவு? காற்றின் அடர்த்தி, செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் என்ற ஓட்டம், முகப்புப் பரப்பு மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2 மைக்ரோநியூற்றன் (நியூற்றனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு) வரும். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் அது சில மடங்காகும். சாதாரண ஆண்டொன்றுக்கு மொத்தக் கணத்தாக்கு, அதாவது விசையை நேரத்தால் பெருக்கினால் வருவது, 60 நியூற்றன் செக்கனை அண்டும். இந்த 60 என்ற எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னேன். ஐந்து பொறிகளையும் இந்த எண்ணுக்கு முன்னால் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் மின்சாரம்? இரசாயன எரிபொருளின் வேகத்துக்கு அதன் பிணைப்புகளில் உள்ள சக்தியே எல்லை. செய்மதிகளில் வழக்கமானவை செக்கனுக்கு 3 கிலோமீற்றரை அண்டி நின்றுவிடும். மின் உந்துபொறிக்கு அந்த எல்லை இல்லை, சூரியத் தகட்டிலிருந்து வரும் சக்தியை ஏற்றிக்கொண்டே போகலாம். 100 கிலோ செய்மதியின் வேகத்தைச் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றரால் மாற்ற, இரசாயன முறையில் 28 கிலோ எரிபொருள் வேண்டும். 16 கிலோமீற்றர் வேகத்தில் உமிழும் பொறிக்கு 6 கிலோ போதும். மிச்சம் 22 கிலோவுக்குக் கமெரா ஏற்றலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு, கொப்பியில் விடுபட்டிருந்தது அதுதான். வலு மாறாமல் இருக்க, உமிழும் வேகம் கூடக் கூட உந்துவிசை குறையும். ஒரு கிலோவாற்று கொடுத்து, பாதி வினைத்திறனோடு, 16 கிலோமீற்றர் வேகத்தில் உமிழ்ந்தால் கிடைப்பது 62 மில்லிநியூற்றன். ஒரு ஏ4 தாளைக் கையில் கிடத்தினால் உணரும் பாரத்தைவிடச் சற்றுக் கூட. ஒரு கிலோ செய்மதியில் ஒரு கிலோவாற்றுக்கு எங்கே போவது? சராசரியாக ஒன்றிரண்டு வாற்றுத்தான் கிடைக்கும், அதிலும் பெரும்பகுதி கணினிக்கும் வானொலிக்கும் போய்விடும்.

கொப்பியில் முதலாவதாக இருந்தது வலை அயன் பொறி: மின்னேறிய அணுக்களை, அதாவது அயன்களை, உலோக வலைகளால் இழுத்து வெளியே விடுவது. அதைப் பார்க்க எனக்கே ஆசைதான். 1964 ஜூலையில் சேர்ட்-1 என்ற சோதனையில் 31 நிமிடம் ஓடி, விண்வெளியில் இயங்கிய முதல் அயன் பொறி என்று பெயர் எடுத்தது. 2007இல் புறப்பட்ட டோன் விண்கலம் 425 கிலோ செனன் வாயுவோடு போய் வெஸ்டா என்ற சிறுகோளையும் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்றியது இதன் பலத்தில். ஆனால் அயன்களை இழுத்து விடும் இரண்டு உலோக வலைகளுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான துளைகள், துளைக்கு நேரே துளை நிற்க வேண்டும். 1998இல் டீப் ஸ்பேஸ்-1 கலத்தின் பொறி முதல் முறை இயக்கியபோது நாலரை நிமிடத்தில் நின்றுபோனது. வலைகளுக்கிடையே ஏதோ துணிக்கை சிக்கியிருக்கும் என்றார்கள். பிறகு திருந்தி 16,000 மணிநேரத்துக்கு மேல் ஓடியது. நாஸாவுக்கே அப்படி என்றால், நம் பட்டறைக்கு இது இப்போதைக்கு வேண்டாம்.

மின்தெளிப்பையும் சீக்கிரமே விட்டோம். ஊசிமுனைகளிலிருந்து, அயன்களாலேயே ஆன ஒரு திரவத்தை மின்புலத்தால் இழுத்துத் தெளிப்பது; அளந்து அளந்து மைக்ரோநியூற்றன் கொடுப்பதில் இதற்கு ஈடு இல்லை. 2015 டிசம்பரில் புறப்பட்ட லீசா பாத்ஃபைண்டர் என்ற ஐரோப்பியக் கலத்தில் இந்தக் குடும்பத்துப் பொறிகள் வேலை செய்து காட்டின. ஆனால் அந்த ஊசிகளை வெட்டத் தூசியற்ற அறையும் நுண்புனைவு வசதியும் வேண்டும்.

இனி ஹோல். இதைப் பற்றித்தான் அன்று அதிக நேரம் கதைத்தோம், ஏனென்றால் அவர்களின் ஆசை அதில் நியாயமாகவே இருந்தது. வட்டமான ஒரு கால்வாய். அதன் குறுக்கே காந்தப்புலம், நெடுக்கே மின்புலம். இலத்திரன்கள் காந்தப்புலத்தில் மாட்டி வளையமாகச் சுற்றும். உள்ளே வரும் வாயு அணுக்கள் அவற்றோடு மோதி அயனாகும். பாரமான அயனைக் காந்தப்புலம் பெரிதாக வளைக்காது, ஆகவே அது மின்புலத்தின் வழியே நேரே வெளியே பாயும். வலையே தேவையில்லை. சோவியத் விஞ்ஞானி அலெக்சி மொரோசோவின் குழு வளர்த்த இந்தப் பொறி 1971 டிசம்பரில் மெற்றியோர் செய்மதி ஒன்றில் முதன்முதலாக விண்ணுக்குப் போனது. ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 கலம் 82 கிலோ செனனோடு சந்திரன்வரை போனது ஹோல் பொறியால்தான். இன்று ஸ்ரார்லிங் செய்மதிகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. முதலில் கிரிப்டனில், 2023 முதல் ஆர்கனில்.

செய்மதிகளை மின் உந்துவிசையால் பிடித்து நிறுத்துவது நமக்கும் தூரத்துக் கதை இல்லை. 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய தெற்காசியச் செய்மதியின் பயனாளர்களில் இலங்கையும் ஒன்று. அது செனன் மின் உந்துவிசையைக் கொண்டது. அது நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதையைச் செய்தித்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், வாழ்க்கையின் பெரும்பகுதியை இதே கொழும்பில் கழித்து 2008இல் இங்கேதான் கண் மூடினார்.

அப்படியிருந்தும் ஹோலை ஏன் வேண்டாம் என்றேன்? வாயுவை வைத்தே ஒரு காரணம் சொல்லலாம். செனன் காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. விலை அதற்கேற்றபடி, ஒவ்வொரு சிலிண்டரும் கடல் கடந்து வர வேண்டும். 2022இல் டொலர் தட்டுப்பட்டபோது அவசியச் சாமானே துறைமுகத்தில் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆர்கன் மலிவு, வெல்டிங் கடைகளில் சிலிண்டராகவே இருக்கிறது. ஆனால் அதன் அணு இலேசானது, அதை அயனாக்கச் செனனைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். ஸ்ரார்லிங்கின் ஆர்கன் பொறி 4.2 கிலோவாற்றில் ஓடுகிறது, சின்னப் பொறியில் அதே வாயு சோர்ந்துவிடும். அயடீன் கவர்ச்சியானது. திண்மமாகவே வைத்து, சூடாக்கி வாயுவாக்கலாம், அழுத்தத் தாங்கி வேண்டாம். பிரான்சின் த்ரஸ்ற்மீ நிறுவனம் 2020 நவம்பரில் புறப்பட்ட ஒரு சீனச் செய்மதியில், ஹோல் அல்லாத ஒரு வலை அயன் பொறியை, அயடீனில் இயக்கிக் காட்டியது. ஆனால் அயடீன் உலோகங்களை அரிக்கும். நம் வீட்டு இரும்புக் கதவே கடற்காற்றில் வருடத்துக்கு ஒருமுறை தீந்தை கேட்கிறது. அதோடு இன்னோர் அரிப்பானை உள்ளே கொண்டுவர எனக்கு மனமில்லை.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது வாயு அல்ல, வெற்றிடம். 200 வாற்றுச் சின்ன ஹோல் பொறிகூடச் செக்கனுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் செனனைக் குடிக்கும். அதை ஒழுங்காகச் சோதிக்க, வெற்றிட அறைக்குள் அமுக்கம் வளிமண்டலத்தின் பத்துக் கோடியில் ஒரு பங்கை அண்டி இருக்க வேண்டும். கூடினால் அறையில் தேங்கிய வாயுவையே பொறி மறுபடி விழுங்கி, எண்கள் பொய் சொல்லும். வந்துகொண்டேயிருக்கும் ஒரு மில்லிகிராமை அந்த அமுக்கத்தில் வெளியே எடுக்க, பம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 14,000 லீற்றர் இழுக்க வேண்டும். பின்பக்கக் கடைகளில் பழசாகக் கிடைக்கும் சின்ன டேர்போ பம்பி இழுப்பது 70 லீற்றர். ஏசி பாஸ்மார் குளிர்வாயு நிரப்ப முன் பூட்டும் பம்பியோ வளிமண்டலத்தின் இலட்சத்தில் ஒரு பங்குவரை போய் நின்றுவிடும். 14,000க்கும் 70க்கும் நடுவில் இருப்பது ஒரு ஆய்வுகூடம். அதைக் கட்டும் காசில் பத்துச் செய்மதிகள் செய்யலாம்.

"அப்ப வெளி ஆய்வுகூடம் ஒண்டுக்குக் கொண்டு போய்ச் சோதிப்பமே சேர்?" என்றான் ஒரு தம்பி. கொண்டு போகலாம். வருடத்துக்கு ஒரு வாரம் இடம் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் அடுத்த வருடம்தான். உந்துபொறி செய்வது சமையல் மாதிரி, ருசி பார்த்துப் பார்த்து உப்புப் போட வேண்டும். கட்டு, சுடு, கழற்று, கருகிய இடத்தைப் பார், மறுபடி கட்டு என்று இரவோடிரவாகச் செய்ய முடிந்தால்தான் கை பழகும்.

நீராவிப் பொறி இந்தச் சோதனையில் தேறுகிறது. தண்ணீரைச் சூடாக்கி, நுண்ணிய ஒரு துவாரத்தால் விடுவது. செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் வேகம் என்று வைத்தால் நம் 60க்கு 60 கிராம் தண்ணீர்; தாங்கக்கூடிய கணக்கு. ஜப்பானின் எக்குலியஸ் என்ற சின்னக் கலம் 2022 நவம்பரில் நாஸாவின் ஆர்ட்டெமிஸ்-1 சந்திரப் பயணத்தில் போய், தண்ணீரை உமிழ்ந்தே சந்திரனை நோக்கிய தன் பாதையைத் திருத்திக்கொண்டது. எனக்கு இது பிடிக்கும், ஏறத்தாழப் பாதி மனம் இந்தப் பக்கம்தான். தடை வால்வு. மணிக்கு ஒரு மில்லிகிராம் கசிந்தால் வருடத்துக்கு 9 கிராம் போய்விடும், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அவ்வளவு இறுக்கமான சின்ன வால்வை நாங்கள் கடைசலில் செய்துவிட முடியாது, வாங்க வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை கசிகிறது என்று அளக்கவும் தெரிய வேண்டும். நீராவி பம்பியின் எண்ணெயையும் கெடுக்கும். குழுவில் நுண்ணிய இயந்திர வேலையில் கை தேர்ந்த ஒருவர் இருந்திருந்தால் சிவப்பு வட்டத்தை இங்கே போடச் சொல்லியிருப்பேன். வந்த நாலு பேரும் மின்னியல், இலத்திரனியல்.

அதனால்தான் துடிப்புப் பிளாஸ்மா பொறி. இதன் எரிபொருள் டெப்லோன். ஒட்டாத தாச்சியில் பூசியிருப்பதும், குழாய் பொருத்துபவர் மரையில் சுற்றும் அந்த வெள்ளை ரேப்பும் அதே பொருள்தான்; அன்று ஒரு துண்டு ரேப்பைக் கிழித்து அவர்கள் கையில் கொடுத்தேன். இரண்டு செப்புத் தகடுகள், நடுவில் டெப்லோன் கட்டி, பின்னால் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு தீப்பொறிச் செருகி. தகடுகளுக்குக் குறுக்கே, மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி ஒன்று, 1,500 வோல்ற்றுக்கு ஏற்றியபடி இருக்கும். வெற்றிடத்தில் தகடுகளுக்கிடையே எதுவும் பாயாது. செருகி ஒரு சின்னப் பொறியைத் தட்டிவிட்டதும் கொள்ளளவி மொத்தமாக இறங்கும். சில மைக்ரோசெக்கனுக்கு ஆயிரக்கணக்கான அம்பியர். டெப்லோனின் மேற்பரப்பில் மயிரிழையிலும் மெல்லிய படை ஆவியாகிப் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேறிய வாயுவாக மாறும், ஓட்டமும் அது தானே உண்டாக்கும் காந்தப்புலமும் சேர்ந்து அதை வெளியே எறியும். தேய்ந்த அளவுக்கு ஸ்பிரிங் கட்டியை முன்னே தள்ளும். தாங்கி இல்லை, வால்வு இல்லை, குழாய் இல்லை. விண்வெளி நிலையம் வழியாகப் போகும் செய்மதிக்கு அமுக்கப் பாத்திரம் இல்லாதது பாதுகாப்புப் பரிசோதனையில் பெரிய ஆறுதல்.

இது பழைய பொறியும்கூட. 1964 நவம்பரில் செவ்வாயை நோக்கிப் போன சோவியத்தின் சோண்ட்-2 இதைக் கொண்டு போனது. மாணவர்களுக்கு நான் சொன்ன உதாரணம் வேறு: ஒசாக்கா தொழில்நுட்ப நிறுவகத்து மாணவர்கள் செய்த புரோய்ற்ரஸ் செய்மதி, 2012 செப்டெம்பரில் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெற்றில் ஏறியது இந்தக் குடும்பத்துப் பொறியோடு.

கணக்கைப் பாருங்கள். 5 யூல் கொள்ளளவி ஒரு துடிப்புக்கு 50 மைக்ரோநியூற்றன் செக்கன் கொடுக்கும் என்று அடக்கமாகவே வைப்போம். 60ஐ அடைய 12 இலட்சம் துடிப்புகள். ஒரு வருடத்துக்குப் பங்கிட்டால் 26 செக்கனுக்கு ஒரு சுடர், சராசரி வலு 0.2 வாற்று. உமிழும் வேகம் 8 கிலோமீற்றர் என்றால் கரையும் டெப்லோன் வருடத்துக்கு 8 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம் என்று பார்த்தால், இரண்டு கரண்டி. வினைத்திறன் 4 வீதம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஹோல் பொறி 50 வீதத்தை எட்டும்போது இது பரிதாபமாகத் தெரியும். ஆனால் நமக்குத் தேவையான 0.2 வாற்றில் வீணாகும் 96 வீதம் செய்மதிக்குச் சுமையே இல்லை. சோதனைக்கும் ஒரு துடிப்பில் வருவது 6 மைக்ரோகிராம். அந்த 70 லீற்றர் பம்பி அடுத்த துடிப்புக்குள் அறையைத் துடைத்துவிடும்.

இதன் தொல்லைகளையும் அன்றே சொல்லிவிட்டேன். சக்தி போதாமல் சுட்டால் டெப்லோன் மேல் கரி படியும், கரி வழியே ஓட்டம் பாய்ந்து பொறி செத்துவிடும். 12 இலட்சம் துடிப்பைத் தாங்கும் கொள்ளளவி தேட வேண்டும். வழக்கமான மின்பகுப்பு வகை சரிவராது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு குட்டி மின்னல், கணினி தானாக மறுபடி தொடங்கிவிடும். கவசம் போட்டுப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 5 யூல் என்றாலும் 1,500 வோல்ற்று 1,500 வோல்ற்றுத்தான். கொள்ளளவியை வெறுமையாக்கும் இறக்கத் தடை பூட்டாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது, ஒரு கை எப்போதும் பொக்கற்றில். டெப்லோன் ஆவி நஞ்சு, பம்பியின் வாய் யன்னலுக்கு வெளியே போக வேண்டும்.

கொழும்பின் ஈரத்தை நான் பட்டே அறிந்தேன். சில வருடங்களுக்கு முன் இதே மேல்மாடியில் உயர் வோல்ற்றளவுச் சுற்று ஒன்றைக் கட்டி, மூடாமல் இரண்டு வாரம் மேசையில் விட்டுவிட்டேன். மறுபடி ஏற்றியபோது 900 வோல்ற்றிலேயே 'சிர்' என்று ஒரு சத்தம். விளக்கை அணைத்துப் பார்த்தேன். தகட்டின் மேல் இரண்டு ஈயப் புள்ளிகளுக்கு நடுவே ஊதா நூல் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. காலையில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய உப்புப் படலம், அதில் மரக்கிளை மாதிரிக் கருகல். கடல் இருநூறு மீற்றரில் இருக்கிறது, யன்னல் திறந்தே கிடந்தது. அன்றிலிருந்து எந்த உயர் வோல்ற்றளவுத் தகட்டையும் மதுசாரத்தால் கழுவி, காயவைத்து, அன்றே பூச்சுப் பூசிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளும் அதையே செய்வார்கள்.

அளப்பது எப்படி என்ற கேள்விக்கு வந்தோம். 50 மைக்ரோநியூற்றன் செக்கனை எந்தத் தராசாலும் நிறுக்க முடியாது. முறுக்கு ஊசல் வேண்டும்: மெல்லிய உருக்குக் கம்பியில் ஒரு சட்டம், ஒரு நுனியில் பொறி, மறு நுனியில் எதிர்ப்பாரம், நடுவில் சின்னக் கண்ணாடி, அதில் பட்டுச் சுவரில் விழும் லேசர்ப் புள்ளி. அரைக்கிலோ பொறி, 20 சென்ரிமீற்றர் கை, 10 செக்கன் அலைவு என்று வைத்தால், ஒரு துடிப்புக்கு மூன்று மீற்றர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நகரும். கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆகவே உந்துபொறிக்கு முதல் ஊசலைக் கட்டச் சொன்னேன். இந்தச் சனிக்கிழமை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சட்டம் பஞ்சிகாவத்தையில் எடுத்த அலுமினியம், லேசர் முதலாம் குறுக்குத் தெருவில். வெற்றிட அறை இன்னும் இல்லை, காற்றடங்க ஒரு மீன்தொட்டியைக் கவிழ்த்து மூடினோம். புள்ளி மெல்ல மெல்ல அடங்கிச் சுவரில் அசையாமல் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அப்போது கரையோரப் பாதையில் பாணந்துறைப் பக்கம் போகும் ரெயில் வந்தது. புள்ளி நடுங்கத் தொடங்கி, ஒரு விரல் அகலத்துக்கு ஆடியது.

அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்து, ரெயில் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டாள். "சேர், கடைசி ரெயில் போனாப் பிறகு வந்து அளக்கலாமா? அம்மாட்டக் கேட்டிட்டன்."